ரெக்லூஸும் இல்ல ஒண்ணும் இல்ல

சார் வணக்கம். நேத்து நைட் எங்க வீட்டு பாத்ரூம் செவுத்துல உள்ளங்கை சைஸுக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி, வயித்துக்கு அடியில வெள்ளையா சட்டை பட்டன் மாதிரி எதையோ புடிச்சிக்கிட்டு அசையாம நிக்குது. போட்டோவ ஆப்ல போட்டா பிரவுன் ரெக்லூஸ், விஷம்னு வருது. அம்மா தொடப்பத்தோட ரெடி. அடிக்கலாமா? இதெல்லாம் பாத்து கத்துக்க எங்க ஆரம்பிக்கிறது?
- ஒரு வாசகர், வேளச்சேரி

தம்பி, மொதல்ல அந்த தொடப்பத்த வாங்கி வைங்க.

ரெக்லூஸ் அமெரிக்காக்காரன். அதுக்கு ஆறே கண்ணு, ரெண்டு ரெண்டா மூணு ஜோடி. நீங்க அனுப்புன போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன், நாலு நாலா ரெண்டு வரிசையில எட்டு கண்ணு, அதுக்குக் கீழ மீசை மாதிரி வெளிர் கலர்ல ஒரு பட்டை. இது ஹண்ட்ஸ்மேன். ஹெட்டிரோபோடா வெனடோரியான்னு அறிவியல் பேரு, சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸ் 1767லயே இந்த வகைய பத்தி எழுதி வெச்சுட்டாரு. அந்த பட்டன் முட்டைப் பை, அப்போ இது பொண்ணு. வலை கட்டி உக்காராது, ராத்திரி கரப்பான ஓடிப் புடிச்சு தின்னும், நண்டு மாதிரி காலு பக்கவாட்டுல விரியறதால கதவு இடுக்குல கூட பூந்துடும். கையில புடிச்சு அழுத்துனா கடிக்கும், வலிக்கும், அவ்ளோதான்.

கத்துக்க வீடே போதும். செவுத்து மூலை ஒட்டடையில நூல் மாதிரி காலோட தொங்குறத லேசா தொட்டுப் பாருங்க, வலையோட சேந்து கடகடன்னு ஆடும். ஜன்னல்ல குதிச்சு குதிச்சு போற எட்டுக்கால் பூச்சிக்கு மூஞ்சியில ரெண்டு பெரிய கண்ணு, நீங்க நகந்தா திரும்பிப் பாக்கும். கலர வெச்சு மட்டும் பேர் சொல்லாதீங்க, ஆப் ஏமாறுறதும் பெரும்பாலும் அங்கதான். மேல இருந்து ஒண்ணு, மூஞ்சிக்கு நேரா ஒண்ணு, வலை இருந்தா அதையும் ஒண்ணு எடுங்க. உலகத்துல 50,000க்கு மேல வகை இருக்கு, குட்டியா இருக்கறதுக்கு நிபுணர்களே பல நேரம் பேர் சொல்ல மாட்டாங்க, அதனால எந்த குடும்பம், அதாவது ஒத்த வகைங்க சேந்த எந்த கூட்டம்னு புடிச்சா போதும்.

நானே ஒருவாட்டி மாமரத்துல செவப்பு எறும்புன்னு ஒண்ண தட்டிவிட்டேன், கீழ விழாம நூல்ல தொங்குச்சு, அப்புறம்தான் கால எண்ணுனேன், எட்டு!