ஆடிட்டர் ஆபீஸில் கோடை விடுமுறை

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி நான். விடுமுறையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். நாள் முழுக்க பில் அடுக்குவதும் டேலி கணக்கு மென்பொருளில் என்ட்ரி போடுவதும்தான். இதில் என்ன கற்க முடியும் மேடம்?
- வாசகி, ஈரோடு

பதில்: நானும் பில் கட்டைப் பிரித்துத்தான் ஆடிட்டர் ஆனேன். தொழிலே அந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறதம்மா. என்ட்ரி போடும்முன் விற்றவரின் ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். எழுத்தும் எண்ணுமாக 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். 33-ல் தொடங்கும் கடைக்காரர் ஈரோட்டுக்குள்ளேயே சரக்கு கொடுத்துவிட்டு வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி வரியைப் போட்டிருந்தால், உடனே சீனியரிடம் காட்டுங்கள்.

அப்புறம், ஜிஎஸ்டிஆர்-2பி. விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்களின் பட்டியல் அது. மாதத்தின் 14-ம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும். பில் கையில் இருந்தும் அதில் இல்லையென்றால், பெரும்பாலும் விற்றவர் இன்னும் கணக்கில் காட்டவில்லை என்று அர்த்தம். அதுவரை வாங்கியவருக்கு அந்த வரி வரவு, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை, கிடைக்காது. சின்ன வியாபாரிக்கு அது பெரிய பணம். இந்த ஒப்பிடும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். 20-ம் தேதி மட்டும் கேட்காதீர்கள், அன்று 3பி எனும் மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள்.