மருத்துவர் பதில்: தின்றும் மெலிகிற தவளை

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு விற்பனைக் கண்காட்சியில் வைட்ஸ் மரத்தவளை ஒன்று வாங்கிக் கொடுத்தோம். சில்வண்டு போட்டால் உடனே பிடித்துத் தின்கிறது. ஆனாலும் மெலிந்துகொண்டே போகிறது. போன கிழமை தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்த எச்சத்தில் மயிர் போல ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது. அதைப் பார்த்து மகள் அழுதுவிட்டாள். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரையைத் தூளாக்கிக் கொடுக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் இருத்தச் சொல்கிறார் மாமியார். என்ன செய்யலாம்? இந்தப் புழு பிள்ளைக்கும் தொற்றுமா?

பதில்: அந்த இரண்டையும் செய்யாதீர்கள். மாமியார் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் தவளையின் உடம்பு வேறு மாதிரி. அது வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையிலும் உள்ள மெல்லிய தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகவே நடக்கிறது. தண்ணீரில் நீங்கள் எதைக் கரைத்தாலும் அது தோல் வழியாக இரத்தத்தில் கலக்கலாம். எவ்வளவு உள்ளே போனது என்று வீட்டில் அளக்க வழியில்லை.

மாத்திரை விஷயம் இதைவிட ஆபத்து. ஒரு கணக்குச் சொல்கிறேன். தவளைகளுக்கு நாங்கள் அதிகம் கொடுக்கிற பூச்சி மருந்து ஃபென்பெண்டசோல். உங்கள் தவளை 60 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று கொடுத்தால் அதற்குத் தேவை 3 மில்லிகிராம். 10 சதவீதக் கரைசலில் அது 0.03 மில்லிலீட்டர், அதாவது ஒரு சொட்டைவிடக் குறைவு. பிள்ளைகளின் மாத்திரை ஒன்றில் 100 மில்லிகிராமிலிருந்து 500 மில்லிகிராம் வரை மருந்து இருக்கும். கரண்டிக் காம்பால் நசுக்கி 'கொஞ்சம்' எடுத்தால் அந்தக் கொஞ்சம் எத்தனை மடங்கு என்று யாருக்குத் தெரியும்? நாய்க்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் அதையும் தொடாதீர்கள். அளவு மிஞ்சினால் தவளையின் கைகால் தளர்ந்து, அசைய முடியாமல் போய்விடும்.

இனிப் புழுவுக்கு வருவோம். கண்ணுக்குத் தெரிந்த அந்த வெள்ளைப் புழு மெலிவுக்குக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குடலில் வாழும் புழுக்கள் சில அப்படி முழுசாக வெளியே வருவதுண்டு. சில்வண்டின் வயிற்றிலிருந்த புழு தவளையின் குடல் வழியாகச் சும்மா கடந்து வருவதும் உண்டு. மண்ணில் தானாக வாழும் புழு கிண்ணத்துக்குள் ஏறியிருக்கவும் கூடும். தின்றும் மெலிகிற தவளையில் நான் முதலில் சந்தேகப்படுவது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை: ராப்டியாஸ் என்ற நுரையீரல் புழு.

இந்தப் புழுவின் வாழ்க்கையைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், மருத்துவம் முழுவதும் இதில்தான் நிற்கிறது. பெரிய புழு தவளையின் நுரையீரலில் இருந்து முட்டையிடும். முட்டை தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலில் குஞ்சு பொரித்து, எச்சத்தோடு வெளியே வரும். ஈரமான தென்னந்தும்பு மண்ணில் அந்தக் குஞ்சுகள் அல்லது அவற்றின் அடுத்த தலைமுறை சில நாளில் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். பிறகு தவளையின் தோலைத் துளைத்து உள்ளே போய் மறுபடி நுரையீரலைச் சேரும். இடையில் நத்தையோ வேறு விலங்கோ தேவையில்லை. காட்டில் தவளை எச்சமிட்ட இடத்தை விட்டுப் போய்விடும், அதனால் நாலைந்து புழுவோடு ஆயுள் முழுக்கச் சுகமாக இருக்க முடிகிறது. கண்ணாடித் தொட்டிக்குள் போக இடமில்லை. இரவு முழுக்க அதே ஈர மண்ணில் உட்கார்ந்திருக்கிறது, புழு சுற்றிச் சுற்றி அதே உடம்புக்குள் ஏறுகிறது. அப்படித்தான் நாலு நாற்பதாகிறது. மருந்து மட்டும் கொடுத்துத் தொட்டியை அப்படியே விட்டால் வந்த புழு திரும்ப வரும்.

வைட்ஸ் தவளையின் சொந்த இடம் ஆஸ்திரேலியாவும் நியூகினியும். ஆஸ்திரேலியா தன் காட்டு விலங்குகளை வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. இங்கே கிடைப்பவை வளர்ப்பில் பிறந்தவையாக இருக்கலாம், இந்தோனேசியப் பக்கத்துக் காட்டில் பிடித்தவையாகவும் இருக்கலாம். காட்டில் பிடித்ததென்றால் புழு இருப்பது அனேகமாக நிச்சயம். விற்றவரிடம் எது என்று கேட்டுப் பாருங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: தவளையை ஒரு சுத்தமான, மூடியில் காற்றுத்துளை உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். அடியில் மணமும் சாயமும் இல்லாத வெள்ளைப் பேப்பர் டவலை நனைத்து விரியுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த்துண்டு, ஒரு தண்ணீர்க் கிண்ணம், அவ்வளவு போதும். டவலையும் தண்ணீரையும் தினமும் மாற்றுங்கள், எச்சம் கண்டால் அந்த நேரமே எடுங்கள். ரொறன்ரோ குழாய்த் தண்ணீரில் குளோராமின் கலக்கிறார்கள். குளோரின் போல இரவு திறந்து வைத்தால் அது போய்விடாது. குளோராமினை முறிக்கும் என்று போத்தலில் எழுதியிருக்கிற தண்ணீர் மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்றுங்கள்.

சமையலுக்கு எடுக்காத ஒரு கிராம் தராசு வாங்கி, கிழமைக்கு ஒரு முறை தவளையை நிறுத்து மகளை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மருந்தின் அளவும் அந்த எண்ணை வைத்தே வரும். எடையோடு கண்ணுக்கு மேலே பாருங்கள். நல்ல உடம்புள்ள வைட்ஸ் தவளைக்குக் கண்ணுக்கு மேலிருந்து காதுச் சவ்வுக்கு மேல் வரை தோல் ஒரு வரம்பு போலப் புடைத்திருக்கும். மெலிந்தால் அந்த வரம்பு வற்றித் தட்டையாகும், இடுப்பெலும்பு தோலுக்கடியில் கூர்மையாகத் தெரியும்.

எச்சம் எங்களுக்குப் புதிதாக வேண்டும். டவலில் விழுந்ததைப் பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டு, காயாமல் இருக்க இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அன்றைக்கே கொண்டு வாருங்கள். நேரமாகும் என்றால் குளிர்ச்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைய விடக் கூடாது. மண்ணில் கிடந்ததை அள்ளினால் மண்ணில் தானாக வாழும் புழு எது, தவளைப்புழு எது என்று பிரிப்பதே பெரிய வேலையாகிவிடும்.

நாய், பூனை பார்க்கிற எல்லோரும் தவளை பார்ப்பதில்லை. எக்ஸோட்டிக் விலங்குகளைப் பார்க்கிறீர்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். குவெல்பில் உள்ள ஒன்ராறியோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் மருத்துவர் அங்கே அனுப்பி வைக்கலாம். நுண்ணோக்கியில் ஏதாவது நீந்தினால் உடனே மருந்து எழுத வேண்டும் என்றும் இல்லை. ஓபலைனா என்ற ஒற்றைச் செல் உயிரி தவளைக் குடலில் கூட்டம் கூட்டமாக இருக்கும், ஒரு கெடுதலும் செய்யாது. அதற்கு மருந்து கொடுத்துத் தவளையை வாட்டுவது தேவையில்லாத வேலை. ராப்டியாஸின் குஞ்சும் குடலில் வாழும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழுவின் குஞ்சும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் பழகிய கண் வேண்டும். ஒரு முறை ஒன்றும் தெரியாவிட்டால் புழுவே இல்லை என்றும் முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் எல்லா நாளும் அது வெளியேறாது.

நுரையீரல் புழு உறுதியானால் மருந்தை ஒரே வேளையோடு முடிக்க மாட்டோம். இரண்டு மூன்று கிழமை விட்டுத் திரும்பக் கொடுப்போம். மிகவும் மெலிந்த தவளை என்றால் முதலில் உடம்பைக் கொஞ்சம் தேற்றிவிட்டுத்தான் தொடங்குவேன். நுரையீரலில் நிறையப் புழு ஒரே நேரத்தில் செத்தால் அதுவே அழற்சியாகி மூச்சுக்கு இடைஞ்சல் செய்யும். வாயைப் பிளந்து சாப்பாட்டைத் திணிக்காதீர்கள், தானாகத் தின்கிறதே, அது நல்ல அறிகுறி.

பழைய தொட்டி மண், பாசி, மரக்கட்டை எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கண்ணாடியைக் கொதிநீராலோ நீராவியாலோ நன்றாகச் சுத்தம் செய்து உலரவிடுங்கள். ப்ளீச்சை மட்டும் நம்ப வேண்டாம், புழு முட்டை அதற்குத் தப்பிவிடும். தொட்டித் தண்ணீரைத் தோட்டத்திலோ ரூஜ் ஆற்றுப் பக்கமோ ஊற்றாதீர்கள். எந்த நிலையிலும் தவளையைக் கொண்டுபோய் அங்கே விடவும் கூடாது. தவளையின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை, ரானாவைரஸ் என்ற கிருமி போன்றவை இந்த வழியாக நம் ஊர்த் தவளைகளுக்குப் போய்ச் சேரும். கைட்ரிட்டால் உலகில் பல தவளை இனங்கள் அழிந்தே போயிருக்கின்றன.

அந்தக் கைட்ரிட் உங்கள் தவளைக்கும் இருக்கலாம் என்பதால் தோலைத் துடைத்து எடுக்கும் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். வைட்ஸ் தவளை அதற்கு எளிதில் விழும். அடிக்கடி தோல் உரிவது, பகலிலும் ஒளியாமல் வெளியே சோர்ந்து கிடப்பது, மல்லாத்தினால் திரும்ப முடியாமல் தவிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். திரும்ப முடியாமல் கிடப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வயிறும் தொடையும் சிவப்பது, எச்சத்துவாரத்தில் இளஞ்சிவப்புச் சதை வெளித்தள்ளுவது, இதில் எது கண்டாலும் நாள் குறிக்காமல் அப்போதே மருத்துவரிடம் போங்கள். சதை தள்ளியிருந்தால் அது காயாமல் ஈர டவலில் வைத்துக் கொண்டு போங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். தவளையின் நுரையீரல் புழு மனிதருக்கு வராது, பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது சால்மோனெல்லா கிருமி. சுகமான தவளையிலும் அது இருக்கும். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைகள் வழியாக 200 பேருக்கு மேல் தொற்றியது, பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கு. தொட்டபின் சவர்க்காரம் போட்டு 20 வினாடி கை கழுவ வேண்டும். தொட்டியையும் கிண்ணத்தையும் குசினித் தொட்டியில் கழுவக் கூடாது. வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தொட விடாதீர்கள். தவளையைத் தூக்கும்போது பவுடர் இல்லாத கையுறையை நனைத்துப் போடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

கடைசி மருந்துக்குப் பிறகு சில கிழமை இடைவெளியில் மூன்று எச்சச் சோதனை சுத்தமாக வந்தால் புது மண் போட்டுத் தொட்டிக்கு மாற்றலாம். அதுவரை பேப்பர் டவல்தான். மகள் துணைக்கு இன்னொரு தவளை கேட்டால், அதையும் முதலில் வேறு அறையில், வேறு கிண்ணம் வேறு கரண்டியோடு குறைந்தது 60 நாள் தனியாக வைத்து, எச்சம் பார்த்த பிறகே பக்கத்தில் விடுங்கள்.