ஸ்டென்ட் வைத்த பின் எப்போது நடக்கத் தொடங்கலாம்?

தங்கள் தந்தைக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் (அடைபட்ட இருதயக் குருதிக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் சிறு வலைக்குழல்) வைத்திருக்கிறார்கள் என்றும், மூன்று மாதம் கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று உறவினர் சொல்வது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். யாழ்ப்பாணத்தில் என் தந்தையை இதே நிலையில் பராமரித்தவன்.

அடைபட்ட குழாயைத் திறந்த மறுநாளே இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) வந்து, அப்பாவைக் கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு இருத்தினார். பிறகு கதிரை, அதன்பின் விடுதிக்குள் சில அடிகள். ஓய்வில் இருந்த நாடித்துடிப்பைவிட நிமிடத்துக்கு 20 கூடினால் நிறுத்திவிடுவார். நெஞ்சுநோவோ மூச்சுமுட்டலோ இல்லையென்று கண்ட பிறகே அடுத்த படி.

உறவினரின் பயம் ஆதாரமற்றதன்று. ஒரு காலத்தில் வைத்தியர்களே ஆறு வாரம் வரை படுக்கவைத்தார்கள். 1952இல் லெவின், லவுன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளரைத் தொடக்க நாட்களிலேயே கதிரையில் இருத்திப் பார்த்து, அதனால் தீங்கில்லை என்று எழுதிய பின்னரே அவ்வழக்கம் தளரத் தொடங்கியது. 1966இல் டல்லஸ் நகரில் நோயே இல்லாத ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்தபோது, அவர்களது உடல் உச்சமாக ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, அத்தனை கால மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரம் செய்ததே பெரிதென்று தெரிந்தது! இதைச் சின்னம்மாவிடம் விளக்கினேன், அவர் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஒழுங்கையில், வெயில் ஏறுமுன், ஐந்து நிமிடம் காலையும் மாலையும் நடந்தார். சில நாட்களுக்கொருமுறை ஓரிரு நிமிடம் கூட்டினோம். மேடில்லாத ஊர் என்பது இதில் பேருதவி. பீட்டா தடுப்பு மருந்து துடிப்பை அடக்கிவைப்பதால் துடிப்பை மட்டும் நம்பாமல், நடந்தபடியே ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பார்க்கும்படி சொல்லியிருந்தார்கள். நெஞ்சுநோ வந்தால் நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருந்தது.

உண்மையில் எங்களைப் பயமுறுத்தியது நடை அல்ல, கிணறு. தேறிவிட்டேன் என்ற துணிவில் இரண்டாம் வாரமே அவர் வாளியால் தண்ணீர் அள்ளப் போனார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் பாரம் இழுக்கும்போது குருதி அமுக்கம் சட்டென ஏறும். கால் நடைக்குப் பழகிய இருதயம் அதற்கும் பழகிவிட்டது என்று கொள்ளக்கூடாது. மலச்சிக்கலில் முக்குவதும் அதே வகைதான். இதை எவரும் வெட்கத்தில் கேட்பதில்லை.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தலைசுற்று, படபடப்பு வந்தால் உடனே இருத்திவிடுங்கள். ஓய்விலும் நோ தணியாவிட்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். நடையைத் தொடங்குமுன் இருதய வைத்தியரிடம் இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: இருதயத்தின் இறைக்கும் திறன் எவ்வளவு, வேறு குழாய்களில் திறக்காத அடைப்பு மிஞ்சியிருக்கிறதா. என் தந்தையின் கணக்கு தங்கள் தந்தைக்குப் பொருந்துமா என்பது அவ்விரண்டு பதில்களையும் பொறுத்தது.