ஆக்சிஜன் எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

பத்தாவது படிக்கும் மகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். 'மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்' என்று எழுதிவிட்டு, "அப்போ நாம இழுக்கிற ஆக்சிஜன் அங்கே எரியுதாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஒரு வரியை எழுதித்தான் நானும் மதிப்பெண் வாங்கினேன்.

ர.

அன்புள்ள ர.,

அந்த வரி விட்டுவிட்ட இடத்தில்தான் உங்கள் மகள் கை வைத்திருக்கிறாள். அங்கே தீ எதுவும் இல்லை. ஓர் அணையை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாப்பாட்டிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருக்கும் புரதங்களிடையே கைமாறிக் கைமாறிப் போகின்றன, போகிற வழியில் அவை விடும் ஆற்றலைக் கொண்டு அந்தப் புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வுக்கு அந்தப் பக்கம் இறைத்துக் கொட்டுகின்றன. அணையில் தண்ணீர் ஏறுவதுபோல அங்கே புரோட்டான் ஏறுகிறது. அது திரும்பி உள்ளே பாயும் மதகு ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம், செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செய்வது இதுதான். பாயும் வேகத்தில் அந்தப் புரதம் நிஜமாகவே சுழல்கிறது, ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. 1997ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் ஒரு பகுதியில் ஒளிரும் புரத இழையை ஒட்டி, அது சுற்றுவதை மைக்ரோஸ்கோப்பில் கண்ணாலேயே பார்த்தார்கள். இந்த அணைக் கணக்கை 1961லேயே சொன்னவர் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல். பல வருடங்கள் பலரும் ஏற்கவில்லை, 1978ல் நோபல் கொடுத்தார்கள்.

சரி, ஆக்சிஜன்? வரிசையின் கடைசியில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அதுதான் ஆக்சிஜன், வாங்கிக்கொண்டு புரோட்டான்களோடு சேர்ந்து தண்ணீராகிவிடுகிறது. அது வராவிட்டால் வரிசை மொத்தமும் அப்படியே நிற்கும், இறைப்பு நிற்கும், மதகு நிற்கும். சயனைடு அடைப்பது இந்தக் கடைசிப் படியைத்தான், அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் செல்லுக்கு அது உதவாமல் போகிறது. நம் உடம்பு ஒரு நாளில் ஏறக்குறைய தன் எடை அளவுக்கு ஏடிபியைச் செய்து செலவழிக்கிறது, ஆனால் கையிருப்பு எப்போதும் மிகக் கொஞ்சம். சில நிமிடம் மூச்சு நின்றாலே மூளை தாங்காததற்குக் காரணம் இதுதான், பாடப்புத்தகத்தில் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். இந்த ஆக்சிஜனைச் சுமந்து வரும் ரத்தச் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது. அது குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துத் தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்கிறது, சுமையை அப்படியே மற்ற செல்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.