பிள்ளைகள் விளையாடும் இடத்தில் எந்தச் செடி இருக்கக் கூடாது?

எல்லோரும் முதலில் அரளியைச் சொல்வார்கள். சரிதான், அதன் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆனால் அரளி கசக்கும். பெரும்பாலும் பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். என் பயமெல்லாம் காட்டாமணக்கின் மேல்தான். அதன் விதை ருசியாக இருக்கும்.

ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் எங்கள் ஊரில் வேலியோரம் முழுக்க அதைத்தான் ஊன்றியிருப்பார்கள். காம்பை ஒடித்து, கசிகிற பாலில் குமிழி ஊதாத பிள்ளையே கிடையாது. (சட்டையில் பட்டால் அந்தக் கறை போகவே போகாது.) நான் ஐந்தாவது படித்தபோது, லீவுக்கு வந்திருந்த சித்தி மகன் காய்ந்த காய் ஒன்றை உடைத்தான். உள்ளே மூன்று கறுப்பு விதைகள். ஓட்டை உரித்தால் வெள்ளை வெளேரென்று பருப்பு. "அண்ணே, கடலை மாதிரியே இருக்கு" என்று அவன் நாலைந்து தின்றான். நான் இரண்டு.

சாயங்காலத்துக்குள் இருவருக்கும் தொண்டை எரிச்சல், குடலைப் பிசைகிற வலி, நிற்காத வாந்தி. அவனுக்குப் பேதியும் சேர்ந்துகொண்டது. கண்கள் குழி விழுந்து, உதடு வறண்டு, கூப்பிட்டால் ‘ம்’ என்றுகூடச் சொல்லவில்லை. ராத்திரி முழுக்க குளுக்கோஸ் ஏற்றித்தான் தேறினான். அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை, உடம்பு இழந்த நீரை ஈடுகட்டுவதுதான் வைத்தியம். அதனால் யாராவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மிச்ச விதையையோ ஒரு கிளையையோ மருத்துவரிடம் காட்டக் கையோடு எடுத்துப்போங்கள்.

குன்றிமணியும் வீட்டில் வேண்டாம். முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

தொட்டால் ஆபத்து என்றால் எருக்கு. பிள்ளையார் சதுர்த்திக்குப் பூப் பறித்த கையோடு கண்ணைக் கசக்கினால், பால் கருவிழியைப் பாதித்துப் பார்வை மங்கும். கொடுமை என்னவென்றால், பல பேருக்கு வலியே இருக்காது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.