எலும்பை ராவிய பிறகும் ஈறில் குத்துகிறது என்றால்

பல்செட் வைப்பதற்காகத் தாடை எலும்பை ராவி (மேடு பள்ளத்தைத் தேய்த்துச் சமன்செய்து) மூன்று வாரம்தான் ஆகிறது, ஈறும் குத்துகிறது, இப்போது அளவு கொடுக்கலாமா என்கிறீர்கள். இப்போதே பல்செட்டுக்கு அளவு கொடுக்க வேண்டாம். ஈறு ஆறி வீக்கம் வடிய, பொதுவாக 4 முதல் 6 வாரம் விடுவார்கள்.

குத்துவது பெரும்பாலும் எலும்புச் சில்லாக இருக்கும். எவ்வளவு நன்றாக ராவினாலும் ஒன்றிரண்டு மேலே வருவதுண்டு, பல நேரம் தானாகவே விழுந்துவிடும்.

கையைக் கழுவிவிட்டு விரல்நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். மணல் பருக்கை மாதிரி அசைந்தால் சில்லு. மருத்துவர் சுலபமாக எடுத்துவிடுவார். அசையாமல் கூராக நின்றால் எலும்பு விளிம்பு. மறுபடி கொஞ்சம் ராவ வேண்டி வரலாம். நகத்தால் மட்டும் நோண்டாதீர்கள் (கை சும்மா இருக்காது, தெரியும்).

எலும்பு அடர்த்திக் குறைவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் என்றால் தானாக விழட்டும் என்று காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். சீழ், காய்ச்சல் இருந்தாலும் அப்படித்தான்.