மின்னஞ்சலும் 'காப்புரிமை'யும்

அன்புள்ள ஐயா,

பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு என் மகள் 'மின்னஞ்சலைக் கண்டுபிடித்த தமிழர் சிவா அய்யாதுரை' என்று எழுதி வைத்திருக்கிறாள். வாட்ஸப்பில் வந்த தகவல். என் தம்பியோ அது ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கர் என்கிறான். இரண்டு நாளாக வீட்டில் இதே சண்டை. எது சரி?

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. ஆனால் அவரும் 'கண்டுபிடித்தார்' என்னும்போது கொஞ்சம் நிதானிக்கலாம்.

1965-லேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டபோது, தங்களுக்குள் கடிதம் போட 'மெயில்' என்றொரு கட்டளை இருந்தது. வீட்டுக்குள் சீட்டு எழுதி வைப்பது மாதிரிதான்; அந்தக் கணினியைத் தாண்டாது. 1971-ல் டாம்லின்சன் அதை வாசலுக்கு வெளியே அனுப்பினார். அவர் வேலை பார்த்தது மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் இருந்த பிபிஎன் நிறுவனத்தில். அஞ்சல் பெட்டியில் செய்தியைச் சேர்க்கும் நிரல் ஒன்று இருந்தது. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பு வழியாக வேறு கணினிக்குக் கோப்பை அனுப்பும் நிரல் ஒன்றை அவரே எழுதியிருந்தார். இரண்டையும் ஒட்டினார், அவ்வளவுதான். யாரும் கேட்டுச் செய்த வேலையில்லை. சோதித்த இரண்டு கணினிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை. முதல் செய்தி என்னவென்று பிற்பாடு அவருக்கே நினைவில்லை. விசைப்பலகையின் மேல்வரிசையைத் தட்டியிருப்பேன் என்றார்.

ஆள் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க, யார் பெயரிலும் வராத ஒரு குறி வேண்டும். @ குறியை எடுத்தார். இதில் ஒரு வேடிக்கை: மல்டிக்ஸ் என்ற கணினி அமைப்பில் அந்தக் குறியைத் தட்டினால் தட்டச்சு செய்த வரி முழுக்க அழிந்துவிடும். அங்கிருந்தவர்கள் முகவரி எழுதப் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள்!

சரி, சிவா அய்யாதுரை. 1978-ல், பதினான்கு வயதில், நியூஜெர்சியின் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக அலுவலகக் கடிதப் போக்குவரத்தைக் கணினியில் நடத்தும் நிரலை எழுதி, அதற்கு 'ஈமெயில்' என்று பெயரிட்டார். அந்த வயதில் அது பெரிய காரியம்தான். 1982-ல் அந்த நிரலுக்குப் பதிப்புரிமை வாங்கினார். பதிப்புரிமை, எழுதிய நிரல் இவருடையது என்று மட்டும் சொல்லும். கருத்தை முதலில் கண்டவர் என்று சொல்லாது. புதுக் கண்டுபிடிப்புக்குத் தரும் 'பேட்டன்ட்' வேறு; ஆனால் தமிழில் இந்த இரண்டு உரிமைகளையுமே 'காப்புரிமை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். வாட்ஸப் தகவலுக்கு அது வசதியாகிவிட்டது.

அப்புறம், மகளுக்கு இந்தியப் பெயர் வேண்டுமென்றால் ஒருவர் இருக்கிறார். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்த அபய் பூஷண். கடிதத் தலைப்பில் அனுப்புநர், தேதி, பொருள் எப்படி வரவேண்டும் என்று 1973-ல் வகுத்த ஆவணத்தில் டாம்லின்சனோடு இவர் பெயரும் இருக்கிறது. மல்டிக்ஸ் கதையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நடுவர் சிரிப்பார்.